நாய்க்கும் ஒரு கினே

பிசியோதெரபி செய்பவரைப் பிரெஞ்சில் 'கினே' என்பார்கள். முழுப் பெயர் கினேசிதெரப்பேத். வாயில் நுழையவில்லை என்று பிரெஞ்சுக்காரர்களே சுருக்கிவிட்டார்கள். கிரேக்கத்தில் கினேசிஸ் என்றால் அசைவு. அசைத்துக் குணப்படுத்துகிறவர் என்று பொருள். எங்கள் காலத்துப் பிரெஞ்சுப் பள்ளியில் வேர்ச்சொல்லைச் சொல்லித்தராமல் எந்த வார்த்தையையும் விடமாட்டார்கள். அறுபது வருடம் கழித்து ஒரு நாயைப் பற்றி எழுத அது உதவும் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்!

இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருக்குக் கினே யார் என்று நான் விளக்க வேண்டாம். முட்டி மாற்றிக்கொண்டவர்கள் இருக்கிறீர்கள், பக்கவாதம் வந்து தேறியவர்கள் இருக்கிறீர்கள், தோள்பட்டை இறுகிப்போய்ச் சட்டை மாட்ட முடியாமல் தவித்தவர்களும் இருக்கிறீர்கள். "இன்னும் பத்து தடவை, சார்" என்று வீட்டுக்கே வந்து வதைத்த அந்தப் பிள்ளைகளை மறந்திருக்க மாட்டீர்கள். கத்தி வைத்தவருக்குத்தான் நாம் சால்வை போடுகிறோம். எழுந்து நடக்க வைத்தது யார் என்று மனசுக்குத் தெரியும்.

நாலு கால் பிராணிக்கும் இதே கணக்குத்தான். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். "மனுஷனுக்கே ஆள் இல்லை, நாய்க்கு மசாஜ் கேட்கிறீரா?" என்று கடற்கரை நடையில் ஒரு நண்பர் கேட்டார். அவருக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு.

எங்கள் தெருவில் ஓர் அம்மா இருக்கிறார். ஓய்வு பெற்ற ஆசிரியை. தெருவில் பிறந்த குட்டி ஒன்றை எடுத்து வளர்த்தார். பெயர் மெதோர். பிரெஞ்சுக்காரர்கள் நாய்க்கு வைக்கிற பழைய பெயர், நம் ஊர் மணி மாதிரி. ஏழெட்டு மாதக் குட்டியாக இருந்தபோது மோட்டார் சைக்கிள் மோதித் தொடை எலும்பு முறிந்தது. பென்ஷன் பணத்தை எடுத்து ஒரு மருத்துவமனையில் ஆபரேஷன் செய்தார். கம்பி வைத்தார்கள். நானும் எக்ஸ்ரே பார்த்தேன், எலும்பு நேராகப் பொருந்தியிருந்தது. "இரண்டு மாதம் அசையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பினார்கள். அவரும் சொன்னதைச் செய்தார். திண்ணைத் தூணில் கட்டிப்போட்டு, சாப்பாட்டுத் தட்டை வாய்க்குப் பக்கத்திலேயே வைத்துக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து அவிழ்த்துவிட்டால், எலும்பு கூடியிருந்தது. ஆனால் முட்டி மடங்கவில்லை. கால் விறகுக்கட்டை போல நீட்டிக்கொண்டு நின்றது.

வளரும் குட்டிக்குத் தொடை எலும்பு முறிந்தால் இப்படி ஆகக்கூடும் என்பது கால்நடை மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். தொடையின் முன்பக்கத் தசை, முறிந்த இடத்தில் எலும்போடு ஒட்டிக்கொண்டு, சுருங்கி இறுகிவிடும். இறுகிய பிறகு மீட்பது மிகக் கடினம். வராமல் தடுப்பதுதான் வழி. ஆபரேஷன் முடிந்த ஓரிரு நாளிலேயே, மருத்துவர் காட்டுகிற அளவுக்கு, அந்த முட்டியை மெல்ல மடக்கி நீட்டத் தொடங்க வேண்டும். ஒரு வேளைக்குப் பத்துப் பதினைந்து தடவை, நாளைக்கு இரண்டு மூன்று வேளை. நாய் ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது என்பது சரி. மூட்டே அசையக்கூடாது என்பது வேறு. இந்த வித்தியாசத்தை அந்த அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கடிகாரத்தைப் பார்த்துச் செய்திருப்பார். முப்பது வருடம் வகுப்பு மணிக்கு நடந்தவர். எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான். பணம் இருந்தது, மருத்துவர் இருந்தார், அன்பு இருந்தது. ஐந்து நிமிடப் பேச்சு இல்லாததால் ஒரு கால் போயிற்று.

நாயின் உடம்பைப் பற்றி ஒன்று தெரிந்துகொண்டால் மற்றது எளிது. அதன் எடையில் சுமார் 60 சதவீதத்தை முன்னங்கால்கள் தாங்குகின்றன, பின்னங்கால்களுக்கு 40. பின்னங்காலில் வலி வந்தால் நாய் பெரும்பாலும் அழாது, சில சமயம் நொண்டக்கூடச் செய்யாது. எடையை முன்னால் தள்ளிக்கொண்டு காலத்தை ஓட்டும். நாமும் "பரவாயில்லை, நடக்கிறதே" என்று விட்டுவிடுவோம். ஒன்றிரண்டு மாதத்தில் பின்தொடை சூம்பிப்போகும். ஆகவே நாய்க் கினேயின் பாதி வேலை, அந்தக் காலை நாய் மறக்காமல் பார்த்துக்கொள்வதுதான். வேகமாக ஓடவிட்டால் நோகிற காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் ஓடிவிடும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு மிக மெதுவாக நடத்தினால் நாலாவது காலை ஊன்றியே ஆக வேண்டும். தரையில் ஓர் ஏணியைப் படுக்கப் போட்டு, அதன் படிகளுக்கு நடுவே நடத்துவார்கள். உட்கார வைத்து எழுப்புவார்கள், திரும்பத் திரும்ப. நம்மை நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காரச் சொன்னார்களே, அதேதான்.

வசதியான ஊர்களில் தண்ணீருக்குள் ஓடுபட்டை வைத்திருக்கிறார்கள். கண்ணாடித் தொட்டி, அடியில் டிரெட்மில். நாயின் இடுப்பு மூட்டு அளவுக்குத் தண்ணீர் நின்றால் கால்கள் தாங்க வேண்டியது உடல் எடையில் 38 சதவீதம்தான் என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். முட்டியளவு தண்ணீர் என்றால் 85. எனக்குத் தெரிந்த ஒருவர், முதுகுத் தட்டு நழுவிப் பின்னங்கால் விழுந்துபோன தன் டாஷ்ஹண்ட் நாய்க்கு, பழைய சின்டெக்ஸ் தொட்டியைக் குறுக்கே அறுத்து வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு நடத்தினார். கால்நடை மருத்துவர் மேற்பார்வையில்தான் செய்தார். விரலைக் கிள்ளினால் வலி தெரிகிறதா என்று அவர்தான் முதலில் பார்த்தார். வலி தெரிந்தால் நம்பிக்கை உண்டு. தெரியாவிட்டால் நம்பிக்கை குறைவு. அந்த நாய் கொஞ்சம் ஆடி ஆடி நடக்கிறது. ஆனால் நடக்கிறது.

மெதோருக்குக் கடைசியில் காலை எடுத்துவிட்டார்கள். மூன்று காலில் காக்கையைத் துரத்துகிறது. நாய்க்கு மூன்று கால் போதும். குதிரையின் கதை அப்படியில்லை.

ஐந்நூறு கிலோ உடம்பு. முன் முட்டிக்குக் கீழே தசையே இல்லை எனலாம், எலும்பும் தசைநாரும் தோலும்தான். ஒரு கால் ஊன்ற முடியாமல் போனால் மற்றக் கால்களின் குளம்புக்குள் பாரம் ஏறி அழற்சி வந்து, நல்ல காலும் கெட்டுவிடும். நாள்கணக்கில் படுக்கவும் முடியாது. 1975 ஜூலையில் அமெரிக்காவில் ரஃபியன் என்ற பெண் குதிரை பந்தயத்தில் கால் முறிந்து விழுந்தது. அதுவரை தோற்றதே இல்லை. ஆபரேஷன் நடந்தது. மயக்கம் தெளிந்தபோது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்ததோ என்னவோ, காலை உதைத்துக் கட்டையே உடைத்துக்கொண்டது. கருணைக் கொலைதான் முடிவு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக் குதிரை மருத்துவமனையில், ஆபரேஷன் முடிந்த குதிரையை ரப்பர் மிதவையில் வைத்து நீச்சல் குளத்தில் இறக்கி மயக்கம் தெளியவிடும் ஏற்பாடு உண்டு. உதைத்தாலும் தண்ணீரைத்தானே உதைக்கும்.

நம் நாட்டில் 2016 மார்ச்சில் டேராடூனில் நடந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அரசியல் ஆர்ப்பாட்டம் ஒன்றில் சக்திமான் என்ற போலீஸ் குதிரையின் பின்னங்கால் முறிந்தது. காலை எடுத்தார்கள், செயற்கைக் கால் பொருத்தினார்கள். ஏப்ரல் 20ஆம் தேதி செத்துப்போனது. ஒரு மாதம் தொலைக்காட்சியில் யார் அடித்தது என்றே சண்டை போட்டார்கள். மூன்று காலில் அந்தப் பாரம் எப்படி நிற்கும் என்று கேட்டவர்கள் குறைவு.

பழைய காலத்தில் நொண்டிக் குதிரைக்குப் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சூடு போட்டார்கள். நம் கிராமத்து மாட்டு வைத்தியர் மட்டுமல்ல, ஐரோப்பாவிலும் பந்தயக் குதிரையின் தசைநாருக்குச் சூடு போடுவது நெடுங்காலம் நடந்தது. சூட்டால் குணமானதோ, சூடு போட்டபின் மாதக்கணக்கில் கொடுத்த ஓய்வால் குணமானதோ, நான் ஓய்வின் பக்கம்தான் பந்தயம் கட்டுவேன். தசைநார் கிழிந்தால் ஆற ஒன்பது மாதம், ஒரு வருடம்கூட ஆகும். அதில் பெரும்பகுதி கையில் பிடித்து நடத்துவதுதான். நாளைக்குச் சில நிமிடத்தில் தொடங்கி, வாரா வாரம் கூட்டிக்கொண்டே போவார்கள். இங்கிலாந்தில் ரெட் ரம் என்று ஒரு குதிரை, குளம்பு எலும்பில் நோய். அதன் பயிற்சியாளர் சவுத்போர்ட் கடற்கரை மணலிலும் உப்புத் தண்ணீரிலும் நடத்தி ஓட்டினார். 1973, 1974, 1977 என்று மூன்று முறை கிராண்ட் நேஷனல் பந்தயத்தை அது ஜெயித்தது. உலகத்தின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளியை 1762இல் லியோன் நகரத்தில் திறந்த பூர்ழெலா கூட அடிப்படையில் குதிரையேற்ற வாத்தியார்தான். குதிரை எப்படி நடக்கிறது என்று வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருந்த மனிதர்.

சரி, நம் ஊருக்கு வருகிறேன். முப்பத்தைந்து வருடம் கோப்பு எழுதியவன் என்பதால், "அரசு உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று பொத்தாம்பொதுவாக எழுத எனக்குக் கை வராது. புதுப் பணியிடம் என்று கேட்டால் நிதித் துறை மூன்று கேள்வி கேட்கும், கோப்பு இரண்டு வருடம் தூங்கும். தண்ணீர் டிரெட்மில் என்று கேட்டால் நான்காவது கேள்வியும் வரும். ஆகவே நான் கேட்பது ஒரு தாள். கால் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும் ஒவ்வொரு நாயோடும், தமிழில், பெரிய எழுத்தில் ஒரு தாள். எந்த நாளிலிருந்து எந்த மூட்டை எத்தனை தடவை அசைக்க வேண்டும், எது செய்யக்கூடாது, எப்போது திரும்பக் கூட்டி வர வேண்டும் என்று அதில் இருக்கட்டும். கொடுப்பவர் ஒரு தடவை செய்தும் காட்டட்டும். அரசு, தனியார் இரண்டுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஜெராக்ஸ் செலவுக்கு எந்த நிதித் துறையும் ஆட்சேபணை எழுப்பாது.

இரண்டாவது, குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியை வைத்துக்கொண்டிருக்கிற ஊர் நம்முடையது. மனிதர்களுக்குப் பிசியோதெரபி படித்த பிள்ளைகளும் நிறைய இருக்கிறார்கள். 1984ஆம் வருடத்து மத்தியச் சட்டப்படி விலங்குக்கு வைத்தியம் பார்க்க வேண்டியவர் பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தான். அது சரியான சட்டம். மனுஷ முட்டியும் நாய் முட்டியும் ஒன்றல்ல. ஆனால் மருத்துவர் உத்தரவின்படி, அவர் கண் முன்னால் வேலை செய்ய இந்தப் பிள்ளைகளைப் பழக்க ஒரு குறுகிய காலப் பயிற்சி போதாதா?

கடற்கரை நண்பருக்கு வருகிறேன். மனிதர்களுக்கு ஆள் பற்றவில்லை என்பது உண்மை. தெருநாய்த் தொல்லையும் உண்மை, நானும் கையில் குடையோடுதான் நடக்கிறேன். எல்லா நாயையும் காப்பாற்று என்றும் நான் சொல்லவில்லை. வலியில் துடிக்கிற, வலிகூடத் தெரியாமல் புண் வைத்துக் கிடக்கிற பிராணியை நம் மனத்திருப்திக்காக இழுத்தடிப்பது பாவம். ஊசி போட்டு அனுப்பிவிடுவதே இரக்கம். ஆனால் ஒரு நாய்க்கு ஆபரேஷன் செய்வது என்று முடிவெடுத்து, மருத்துவர் நேரத்தையும் மருந்தையும் பணத்தையும் போட்டபிறகு, கடைசி அரையணாச் செலவில் கை விடுவதை என்னவென்று சொல்வது? எங்கள் ஆபீஸ் பாஷையில் அதற்குப் பெயர் வீண் செலவு. ஆடிட்டில் மாட்டும்.

வீட்டில் வயதான நாய் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. நம் வீட்டு மொசைக் தரையும் இப்போதைய டைல்ஸும் அதற்கு எண்ணெய் ஊற்றிய மாதிரி. பின்னங்கால் சறுக்க ஆரம்பித்தால் அது எழுந்திருக்கவே பயப்படும். படுக்கிற இடத்திலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரை பழைய சாக்கோ தேங்காய் நார் மிதியடியோ போட்டுவையுங்கள். நகத்தை வெட்டிவிடுங்கள். எடை ஏறியிருந்தால் சோற்றைக் குறையுங்கள். காலையில் ஒரே மூச்சில் அரை மணி இழுத்துக்கொண்டு போவதைவிட, மூன்று வேளை பத்துப் பத்து நிமிடம் மெதுவாகக் கூட்டிப்போங்கள். எப்படியும் நம் கினேயும் நம்மை அவ்வளவுதான் நடக்கச் சொல்லியிருக்கிறார்.