கேசட்டு என்ன ஷேர் சர்டிபிகேட்டா?

ஜப்பான் போய்ட்டு வந்து மூணு வாரம் ஆச்சு. "ஊர் எப்படிடா இருந்துச்சு?"ன்னு யாராவது கேப்பாங்கன்னு பார்த்தா, நம்ம கிளாஸ் பசங்க கேட்டது ஒரே கேள்விதான்: "பழைய வீடியோ கேம் எல்லாம் என்ன விலைக்கு வாங்கின, என்ன விலைக்குத் தள்ளப் போற?" பி.காம் படிக்கிறோம், லாப நட்டக் கணக்கு ரத்தத்துல ஊறிடுச்சு, தப்பில்லை. ஆனா ஒவ்வொருத்தனுக்கா வாயால பதில் சொல்லி மாளல. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் சூடா இருக்கும், பொறுத்துக்கோங்க மக்களே.

பெரியப்பா பையன் டோக்கியோவில் நிஷி-கசாய் பக்கம் இருக்கார். செமஸ்டர் லீவுல பத்து நாள் அவர் வீட்டில் டேரா. அதில் நாலு நாள் பழைய கேம் கடைகளிலேயே போச்சு.

தெரியாதவங்களுக்காக: 1983 ஜூலை 15-ல் நின்டெண்டோ கம்பெனி ஃபேமிகாம்னு ஒரு மெஷினை 14,800 யென்னுக்கு விற்பனைக்கு விட்டது. நம்ம வீடுகளில் அண்ணன்மார் ஆடிய டிவி கேம், "9999 இன் 1"னு பொய் சொன்ன மஞ்சள் கேசட்டு, எல்லாம் அதைப் பார்த்துச் செய்த நகல்தான். அப்புறம் 1990-ல் சூப்பர் ஃபேமிகாம், 1994-ல் சேகா சாட்டர்ன், பிளேஸ்டேஷன். இதெல்லாம் இன்னும் ஜப்பான் கடைகளில் கிடைக்குது. அகிஹபாராவில் சூப்பர் பொட்டேட்டோ, நகானோ பிராட்வேயில் மண்டராகே, புறநகர் பக்கம் போனால் புக் ஆஃப், ஹார்டு ஆஃப். விலைச்சீட்டிலேயே பெட்டி இருக்கா, கையேடு இருக்கா, ஓட்டிப் பார்த்தாச்சா, எங்கே கீறல்னு எழுதி ஒட்டியிருப்பாங்க. ஓடுமா ஓடாதான்னு தெரியாதது 'ஜங்க்' கூடையில் கிடக்கும். திருப்பித் தர முடியாது, உன் அதிர்ஷ்டம். பழைய பொருள் விற்பதில் இப்படி ஒரு நேர்மையை நான் பார்த்ததில்லை.

இனி விஷயத்துக்கு வரேன்.

புறநகர்க் கடை ஒன்றில் ஜங்க் கூடையை நான் கிளறிக்கிட்டு இருந்தப்போ பக்கத்தில் ஒருத்தர். ஒரு கையில் போன், மறு கையில் கேசட்டு. போனில் வெளிநாட்டு ஏல விலை பார்க்கிறார், லாபம்னா தன் கூடைக்குள், இல்லைன்னா திரும்ப ஜங்க்குக்குள். அது என்ன கேம்னு ஒரு தடவைகூடப் பார்க்கல. அரை மணி நேரத்தில் அலமாரி பாதி காலி.

எனக்குப் பொத்துக்கிட்டு வந்தது. அப்புறம்தான் என் கூடையைப் பார்த்தேன். அதில் மூணு கேசட்டை நானும் போனில் விலை பார்த்துட்டுத்தான் எடுத்திருந்தேன். ஊரில் ஒருத்தன் "இரண்டு மடங்குக்கு விக்கலாம், பாதிப் பாதி"ன்னு சொல்லி அனுப்பியிருந்தான். (படிச்சிட்டு இருப்பான், வணக்கம்டா :-) )

அண்ணன் கூடையை எட்டிப் பார்த்து, "டேய், இதை ஓட்டுற மெஷின் உங்கிட்ட இருக்கா?"ன்னார். இல்லை. மூணையும் திரும்ப வெச்சேன். இதில் தியாகம் ஒண்ணும் இல்லை, வெட்கம்தான்.

இப்போ நம்ம பசங்களோட வாதங்களுக்கு வருவோம்.

முதல் வாதம்: "இது முதலீடுடா." 2021 ஜூலையில் பிரிக்காத 'சூப்பர் மரியோ 64' ஒன்று 15.6 லட்சம் டாலருக்கு ஏலம் போச்சு. அடுத்த மாசமே பிரிக்காத 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' 20 லட்சம் டாலர். உடனே உலகம் முழுக்க எல்லாரும் பரணையைக் கிளற ஆரம்பிச்சாங்க. முதலாண்டுப் பாடத்தை ஞாபகப்படுத்துறேன்: ஷேர் வாங்கினா பின்னால் ஒரு கம்பெனி சம்பாதிக்குது, டிவிடெண்ட் வர வாய்ப்பு இருக்கு. வீட்டை வாங்கினா வாடகை வரும். அக்ரிலிக் பெட்டியில் பூட்டின கேசட்டு என்ன சம்பாதிக்கும்? நீ கொடுத்ததைவிட அதிகம் கொடுக்க இன்னொருத்தன் வரணும், அவனுக்குப் பின்னால் மற்றொருத்தன் வரணும். கடைசி ஆள் யாருங்கிறது மட்டும்தான் கேள்வி. அந்த 2021 உச்சமும் நிலைக்கல.

இரண்டாவது வாதம்: "நாங்க பத்திரமா வெச்சிருக்கோம், இல்லைன்னா அழிஞ்சிடும்." இதுதான் பெரிய காமெடி. அந்தக் காலத்துக் கேசட்டுகள் பலவற்றில் ஆட்டத்தைச் சேமிக்க ஒரு பொத்தான் பேட்டரி உள்ளே இருக்கும். நீ பிரிச்சாலும் பிரிக்காட்டியும் அது தீரும். மாத்தணும்னா திறந்துதான் ஆகணும். சேகா கேம் கியர் மெஷினில் உள்ள கெப்பாசிட்டர்கள் கசிஞ்சு போர்டையே அரிக்கிறது சேகரிக்கிற எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. எடுத்து, துடைத்து, பழுது பார்த்து, ஓட்டினால்தான் இந்தப் பொருள் உயிரோடு இருக்கும். பூட்டி வைக்கிறதுக்குப் பேர் பாதுகாப்பு இல்லை, பாடம் பண்ணி வைக்கிறது.

மூணாவது: "டிமாண்ட் சப்ளைடா, சந்தை தீர்மானிக்கட்டும்." சரி, தீர்மானிக்கட்டும். ஆனா எந்தச் சந்தை? 2012-ல் ஒரு டாலருக்குச் சுமார் 80 யென். 2024 ஜூலையில் 160-ஐத் தாண்டியது. 8,000 யென் கேம் 2012-ல் 100 டாலர், அந்த 2024 ஜூலை ரேட்டில் 50 டாலர். விலைச்சீட்டு மாறவே இல்லைன்னாலும் வெளியிலிருந்து வர்றவனுக்குப் பாதி விலை. 2024-ல் மட்டும் ஜப்பானுக்கு வந்தவங்க 3 கோடியே 68 லட்சத்துக்கும் மேல். அந்த ஊர் காலேஜ் பையனுக்குச் சம்பளமோ பாக்கெட் மணியோ இரட்டிப்பு ஆகல. சுற்றுலா வர்றவனைக் குத்தம் சொல்லல, நானும் அப்படிப் போனவன்தான். விளையாட ஒண்ணு ரெண்டு வாங்கறவனால் அலமாரி காலியாகாது. கூடை கூடையாக அள்ளி அறையில் அடுக்கிவிட்டு, "கிடைக்கவே மாட்டேங்குது, அதான் விலை"ன்னு சொல்றவனால்தான் காலியாகும். அரிசியை அப்படி அடுக்கினா அதுக்குப் பேர் என்ன? கேம் இல்லாம யாரும் சாகமாட்டாங்க, ஒத்துக்கறேன். ஆனா செயலுக்குப் பேர் அதேதான்.

நாலாவது: "ஆன்லைனில் வாங்கிக்க வேண்டியதுதானே?" 2023 ஜூலையில் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் ஒரு ஆய்வு வெளியிட்டது. அமெரிக்காவில் வந்த பழைய கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் புதுசா வாங்கக் கிடைக்காது. அதே வருஷம் மார்ச் 27-ல் வீ யூ, 3டிஎஸ் மெஷின்களுக்கான இணையக் கடையை நின்டெண்டோவே மூடியது. ஆக, பல கேம்களை நேர்வழியில் ஆடணும்னா செகண்ட் ஹேண்ட் கடை மட்டும்தான் கதி.

அந்த அலமாரியும் சும்மா வந்துடல. பழைய கேம்களை விற்கவே கூடாதுன்னு கேம் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போனாங்க. 2002 ஏப்ரல் 25-ல் ஜப்பான் உச்ச நீதிமன்றம் கடைக்காரர்கள் பக்கம் தீர்ப்பு சொன்னது: ஒருமுறை விற்றாச்சுன்னா, அந்தப் பிரதி மேற்கொண்டு கைமாறுவதைத் தடுக்கும் உரிமை தீர்ந்து போச்சு. யோசிச்சுப் பாருங்க. கேம் கைமாறணும்னு சண்டை போட்டு வாங்கின உரிமை அது. அதை வெச்சே வாங்கி, இனிமேல் யார் கைக்கும் போகாதபடி பூட்டுறோம். கம்பெனிகளால் கோர்ட்டில் முடியாததை நாம காசு கொடுத்துச் செய்யறோம்.

சரி, நான் என்ன வாங்கினேன்? ஒரே ஒரு ஃபேமிகாம் கேசட்டு. நாம்கோ கம்பெனியோட 1986 பேஸ்பால் கேம், 'ஃபேமிலி ஸ்டேடியம்'. பெட்டி இல்லை, சில நூறு யென்தான். பின்பக்கம் யாரோ ஒரு பையன் மார்க்கரில் தன் பேரை எழுதியிருக்கான். சேகரிப்பாளர்களுக்கு அது 'குறை', அதனால் விலை இன்னும் கம்மி. இங்கே வந்து மாமா வீட்டுப் பரணில் கிடந்த பழைய டிவி கேமில் சொருகினேன். அதே 60 பின், அச்சா உட்கார்ந்தது. ஒருமுறை ஊதி, மறுபடி சொருகினதும் ஓடிச்சு. எங்க யாருக்கும் பேஸ்பால் விதி தெரியாது. ராத்திரி பதினொண்ணு வரைக்கும் நாலு பேர் மாத்தி மாத்தி ஆடினோம்.

அதனால் "என்ன விலைக்குத் தள்ளப் போற?"ன்னு கேட்டவங்களுக்குப் பதில்: விக்கறதுக்கு இல்லை. ஆடணும்னா ஞாயித்துக்கிழமை வாங்க.

டிஸ்கி: "நீ மட்டும் யோக்கியமா?"ன்னு பின்னூட்டம் போடப் போறவங்க, மேலே மூணு கேசட்டு கதையை மறுபடி படிச்சிட்டுப் போடவும்.