படுக்கையில் கிடப்பவரின் படம் யாருக்குச் சொந்தம்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. உங்கள் வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு பெரியவர் இருந்தாலோ, நாளை நாமும் அப்படி ஆகக்கூடும் என்ற நினைப்பு இருந்தாலோ பொறுமையாகப் படியுங்கள்.

நோயாளியைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்கு வரும் ஹோம் நர்ஸ், அட்டெண்டர் பெண்களைப் பற்றி எல்லா வீட்டிலும் ஒரு புகார் உண்டு. "இங்க நடக்கிறதை அடுத்த வீட்ல போய்ச் சொல்றா." சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே நோயாளியின் மானத்தைத் தெருவில் விடுகிற இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் அவளை அனுப்பும் ஏஜென்சி. இன்னொருவர் நாம், அதாவது குடும்பத்தார். இவர்களைக் கேள்வி கேட்காமல் அந்தப் பெண்ணுக்கு மட்டும் ஒழுக்கம் போதிப்பது அநியாயம்.

நடந்ததைச் சொல்கிறேன். என் சித்தப்பாவுக்கு 84 வயது. தபால் துறையில் வேலை பார்த்தவர். வாசலில் யார் கூப்பிட்டாலும் சட்டை போடாமல் வெளியே வந்ததில்லை. பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறும், ஆனால் நினைவு தெளிவு. ஒரு ஏஜென்சி மூலம் ஒரு பெண் வந்தாள். நல்ல பெண். முகம் சுளிக்காமல் எல்லாம் செய்தாள்.

ஒரு மாதம் கழித்து ஒரு தூரத்து உறவினர் போன் செய்து, "இது உங்க சித்தப்பாதானே?" என்றார். படத்தையும் அனுப்பினார். மேலே துணியில்லை. இடுப்பில் டயப்பர். கட்டில் ஓரத்தில் தொங்கும் யூரின் பேக். சித்தப்பா கேமராவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தினமும் காலையும் மாலையும் "டியூட்டி ப்ரூஃப்" என்று ஏஜென்சியின் வாட்ஸ்அப் குரூப்பில் போடச் சொன்ன படங்களில் அதுவும் ஒன்று. அந்தக் குரூப்பில் மற்ற வீடுகளில் வேலை பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அங்கிருந்து யாரோ, யாருக்கோ.

அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அழுதுவிட்டாள். "போட்டோ போடலைன்னா அன்னைக்குச் சம்பளம் கட் சார்" என்றாள். ஏஜென்சிக்காரரிடம் கேட்டேன். "ஃபேமிலி சைன் பண்ணியிருக்காங்க சார்" என்றார். கையெழுத்துப் போட்டது சித்தப்பாவின் மகன். படிவம் முழுக்க ஆங்கிலம். சித்தப்பாவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் ஒழுங்குமுறை விதிகளின்படி, தொழில் வழியாகத் தெரிந்துகொண்ட நோயாளியின் ரகசியத்தை ஒரு மருத்துவர் வெளியிடக் கூடாது. நீதிமன்ற உத்தரவு போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சையில் இருப்பவரின் படத்தை அவர் சம்மதமின்றி ஊடகத்துக்குக் கொடுக்கக் கூடாது என்கிறது. அதே ஆண்டு ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். அந்த உரிமை நடக்க முடிந்தவருக்கு மட்டும் என்று அதில் எங்கும் இல்லை.

2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. தரவைப் பாதுகாக்கத் தவறினால் ₹250 கோடி வரை அபராதம் என்கிறது சட்டம். சம்மதம் கேட்கும் அறிவிப்பை எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் படிக்கும் வாய்ப்பும் தர வேண்டும். தமிழும் அதில் அடக்கம். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் முடியும். எத்தனை ஏஜென்சிகள் இதை உங்களுக்குச் சொல்லியிருக்கின்றன?

ஒன்றைக் கவனியுங்கள். மருத்துவமனையில் டாக்டருக்கும் நர்ஸுக்கும் கவுன்சில் உண்டு, பதிவு உண்டு, தவறினால் விசாரணை உண்டு. வீட்டில் அந்தரங்கமான எல்லாவற்றையும் செய்கிற அட்டெண்டருக்குப் பெரும்பாலும் இரண்டு நாள் பயிற்சிகூடக் கிடைப்பதில்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. வீடு தேடி மாத்திரையும் இயன்முறை சிகிச்சையும் வருவது நல்ல விஷயம், வரவேற்கிறேன். மருத்துவம் வீட்டுக்குள் வந்துவிட்டது. ரகசியம் காக்கும் பழக்கமும் கூடவே வர வேண்டாமா?

இனி குடும்பத்தார் பக்கம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை அப்பாவின் கட்டிலுக்கு நேர் மேலே கேமரா மாட்டுகிறார். அம்மாவுக்கு உடம்பு துடைத்துவிடுவதை மருமகன் போனில் பார்க்க முடிகிறது. "பாதுகாப்புக்காக" என்கிறார்கள். திருட்டும் அடியும் நடக்கத்தான் செய்கின்றன, மறுக்கவில்லை. அதற்குக் கூடத்திலும் வாசலிலும் கேமரா போடுங்கள். கட்டில் பக்கம் போட்டே ஆக வேண்டுமென்றால் படுத்திருப்பவரிடம் கேளுங்கள். துடைக்கும் நேரத்தில் அணைத்து வையுங்கள். அந்தப் பெண்ணிடமும் கேமரா இருப்பதைச் சொல்லுங்கள்.

"அவருக்கு நினைவே இல்லை, என்ன வெட்கம்?" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். நினைவு இல்லாதவருக்காக வெட்கப்பட வேண்டியது பக்கத்தில் இருப்பவர்கள். பிறகு எதற்குச் சொந்தம்?

இன்னொரு கூத்தும் உண்டு. யாருக்கும் காட்டக் கூடாததைக் குரூப்பில் காட்டுகிறோம். அந்தப் பெண்ணுக்குச் சொல்லியே ஆக வேண்டியதை மறைக்கிறோம். பெரியவருக்குக் காசநோய் இருப்பதைச் சொன்னால் ஆள் வரமாட்டார்கள் என்று மூடி வைக்கிற வீடுகள் இருக்கின்றன. அது காற்றில் பரவும் நோய். அவள் வீட்டிலும் குழந்தைகள் உண்டு. ரகசியம் காப்பது என்றால் தேவைப்பட்டவருக்குத் தேவையான அளவு சொல்வது, மற்றவர்களுக்குச் சொல்லாமல் இருப்பது. எச்.ஐ.வி. விஷயத்தில் சம்மதமில்லாமல் வெளியிட 2017-ஆம் ஆண்டுச் சட்டமே தடை விதிக்கிறது. எந்த நோயாளியாக இருந்தாலும் ரத்தத்தையோ புண்ணையோ தொடும்போது கையுறை போட்டால் அந்தப் பாதுகாப்பு கிடைத்துவிடும். அந்தக் கையுறையை வாங்கிக் கொடுக்கத்தான் பலருக்கு மனம் வருவதில்லை.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் விஷயங்கள் இல்லை.

1. வேலைக்கு வந்ததற்குச் சாட்சி நோயாளியின் உடம்பாக இருக்கக் கூடாது. கட்டில் பக்கம் ஒரு 40 பக்க நோட்டு போதும். வந்த நேரம், போன நேரம், கொடுத்த மாத்திரை, பி.பி., சுகர். கீழே வீட்டார் கையெழுத்து. நோட்டு வீட்டிலேயே இருக்கட்டும்.

2. படுக்கைப் புண்ணை டாக்டருக்குக் காட்டப் படம் தேவைப்பட்டால், கேட்டுவிட்டு, முகம் தெரியாமல் எடுத்து, டாக்டருக்கு மட்டும் அனுப்பி, உடனே அழித்துவிட வேண்டும். குரூப் வேண்டாம், ஸ்டேட்டஸ் வேண்டாம்.

3. ஒப்பந்தம் தமிழில் இருக்க வேண்டும். நினைவு தெளிவாக உள்ள நோயாளிக்கு அதைப் படித்துக்காட்டி, அவர் சம்மதம்தான் வாங்க வேண்டும்.

4. படம் அனுப்ப மறுத்ததற்காகச் சம்பளம் பிடிக்கக் கூடாது என்று அரசு எழுத்தில் உத்தரவிட வேண்டும். இது இல்லாமல் மற்ற எந்த விதியும் அந்தப் பெண்ணைக் காப்பாற்றாது.

5. அவளுக்குப் பயிற்சியும் வேண்டும். ஒரு வீட்டுக் கதையை இன்னொரு வீட்டில் சொல்லக் கூடாது என்பதைச் சொல்லிக் கொடுத்தால் கற்றுக்கொள்வாள். கதை கேட்கும் நாமும் வாயை மூடப் பழக வேண்டும். "முன்னே வேலை பார்த்த வீட்ல என்னம்மா நோய்?" என்று கிண்டுவது நாம்தானே?

34 ஆண்டுகள் வகுப்பில் நின்றவன் நான். எந்தப் பிள்ளைக்கு வலிப்பு வரும், எந்தப் பிள்ளை இரவில் படுக்கையை நனைக்கும் என்பதெல்லாம் ஆசிரியருக்குத் தெரியும். பெற்றோர் நம்பிச் சொல்வார்கள். அதைப் பக்கத்து பெஞ்சுக்குச் சொன்னால் அந்தப் பிள்ளை மறுநாள் பள்ளிக்கு வராது. படுத்திருக்கும் பெரியவருக்கு வராமல் இருக்கவும் வழியில்லை. அதே கட்டிலில்தான் கிடந்தாக வேண்டும்.

இன்றே உங்கள் ஏஜென்சிக்கு ஒரு போன் போடுங்கள். எங்கள் வீட்டுப் படங்கள் எந்தக் குரூப்பில் இருக்கின்றன, யார் யார் அதில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். அழிக்கச் சொல்லி எழுத்தில் வாங்குங்கள். என்ன பதில் வந்தது என்று கீழே எழுதுங்கள். நோயாளியின் பெயர் மட்டும் வேண்டாம்.