ஆடுகளத்தில் சமநிலை

1887ஆம் ஆண்டு சிகாகோ நகரின் ஓர் அரங்கினுள், குத்துச்சண்டைக் கையுறையைப் பந்தாகவும் கோலை மட்டையாகவும் கொண்டு நண்பர்கள் ஆடிய ஆட்டமே மென்பந்தாக வளர்ந்தது. தாம்பரத்துப் பணித்தோழர்களிடையே அவ்விடத்தை டென்னிஸ் பந்துக் கிரிக்கெட் பெற்றுள்ளது. வாரமெல்லாம் ஆணையிடும் மேலாளர், ஞாயிறன்று கடைநிலை ஊழியர் வீசும் பந்தில் ஆட்டமிழந்து புன்னகையுடன் வெளியேறுகிறார். பதவி வகுத்த இடைவெளியை ஆடுகளம் குறைக்கிறது.

ஆயினும், 1984இல் தாம்பரம் சானடோரியத்தில் தோன்றிய மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்தில் பெண்கள் பெருமளவில் உழைக்கின்றனர். அவர்களுள் பலருக்கு ஞாயிறு வீட்டுவேலையிலேயே கழிகிறது. உடன் உழைப்போரை விலக்கிய ஆட்டத்தில் தோழமை முழுமை பெறாது. எனவே, பணிநேரத்திலேயே வாரம் ஒரு மணி நேரத்தை அனைவரின் விளையாட்டுக்கும் நிறுவனங்கள் ஒதுக்குதல் வேண்டும். ஞாயிற்றின் வீட்டுவேலையை ஆண்களும் பகிர்தல் வேண்டும்.