பக்கத்தில் ஆள் இல்லாத வேலை

மரக்காணம் உப்பளங்களில் தை, மாசியில் தொடங்கும் உற்பத்தி ஐப்பசி மழை வரும்வரை ஓடும். விடிவதற்கு முன்பே ஆட்கள் பாத்தியில் இறங்கிவிடுவார்கள். உப்பு வாருவது பார்க்க எளிதான வேலை. ஆனால் பலகையைக் கொஞ்சம் அழுத்திவிட்டால் அடியில் உள்ள களி கிளம்பி உப்பு அழுக்காகிவிடும். லேசாகப் பிடித்தால் பாதி உப்பு பாத்தியிலேயே தங்கிவிடும். இந்தக் கைப்பக்குவத்துக்கு யாரும் வகுப்பெடுப்பதில்லை. புதிதாக வந்தவளிடம், பக்கத்தில் வாரிக்கொண்டிருக்கும் அக்கா "அமுக்காதடி, இழு" என்று ஒரு குரல் கொடுப்பார். அவ்வளவுதான் பயிற்சி.

அங்கிருந்து திண்டிவனம் போகும் சாலையில் இருக்கிறது பிரம்மதேசம். கொரோனாவுக்குப் பிறகு இந்தப் பக்கத்து ஊர்களிலும் மாடி அறைகளில் லேப்டாப் திறந்துகொண்டது. என் அண்ணன் மகளும் அப்படித்தான், சென்னை ஐ.டி. நிறுவனம் ஒன்றில் ஹைபிரிட் வேலை பார்க்கிறாள். அலுவலகம் போகவேண்டிய நாளில் இருட்டோடு எழுந்து, திண்டிவனம் போய், சென்னை பஸ் பிடிக்கிறாள். போய்ச் சேர்ந்தால் அவளுடைய டீமில் ஒருவரும் இல்லை. அவரவருக்கு வேறு வேறு நாள். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, வீட்டில் பார்க்கும் அதே வீடியோ மீட்டிங்கை அங்கே உட்கார்ந்து பார்க்கிறாள். "இதுக்கு ஊட்டுலயே இருந்திருக்கலாமே சித்தப்பா" என்கிறாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

நிறுவனங்களும் தடுமாறித்தான் போயிருக்கின்றன. 2025-க்குள் எந்த நேரத்திலும் 25 சதவீத ஊழியர்கள் அலுவலகத்தில் இருந்தால் போதும் என்று 2020-ல் அறிவித்த டி.சி.எஸ்., 2023 அக்டோபரில் வாரம் ஐந்து நாளும் வாருங்கள் என்றது. வீட்டிலிருந்தே வேலையைத் தொடரும் இடங்களிலோ ஒட்டுறவை வளர்க்கிறோம் என்று வெள்ளிக்கிழமை மாலை ஆன்லைனில் அந்தாக்ஷரி நடக்கிறது. பாதிப் பேர் கேமராவை அணைத்துவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருப்பார்கள்.

அட்டெண்டன்ஸ், அந்தாக்ஷரி இரண்டாலும் தீராத பிரச்சினை, உப்பளத்து அக்காவைப் போலப் பக்கத்திலிருந்து குரல் கொடுக்க ஆள் இல்லாதது. எமானுவேல், ஹாரிங்டன், பல்லாயிஸ் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் அமெரிக்காவின் ஒரு பெரிய நிறுவனத்தில் மென்பொருள் பொறியாளர்களை ஆராய்ந்தார்கள். ஒரே கட்டடத்தில் உட்கார்ந்த குழுக்களில், ஒருவர் எழுதிய நிரலுக்கு மற்றவர்கள் சொல்லும் திருத்தங்கள் அதிகமாக இருந்தன. அதனால் அதிகம் பயன் பெற்றவர்கள் புதியவர்களும் பெண்களும். குழுவில் ஒரே ஒருவர் வேறு கட்டடத்தில் இருந்தாலே மற்றவர்களுக்குள்ளும் இந்தப் பேச்சு குறைந்தது. இதில் இன்னொரு கணக்கும் உண்டு. பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்த மூத்தவர்களின் சொந்த வேலை குறைந்துபோனது.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. சொல்லிக்கொடுப்பதற்கு ஒரு விலை உண்டு. அதை மூத்தவர்கள் தங்கள் நேரத்திலிருந்து கொடுக்கிறார்கள். பக்கத்து நாற்காலியில் ஒரு சின்னப் பெண் திணறுவது கண்ணில் பட்டால் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். பிரம்மதேசத்து மாடி அறையில் அவள் திணறுவது யார் கண்ணில் படும்? அவளாக மெசேஜ் போட்டால் உண்டு. "இதுகூடத் தெரியாதா என்று நினைத்துவிடுவார்களோ" என்று அவள் போடுவதில்லை.

ஊரை விட்டு வராதவர்களுக்கும் பக்கத்து நாற்காலி கிடைக்க வழி இருக்கிறது. ஜோஹோ 2011-லேயே தென்காசிப் பக்கம் அலுவலகம் திறந்து, ஆட்கள் இருக்கும் ஊருக்கு வேலையைக் கொண்டுபோனது. நம் விழுப்புரம் மாவட்டத்திலும் 2024 பிப்ரவரியில் வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் சுமார் 31 கோடி ரூபாய் செலவில், 63,000 சதுர அடியில் மினி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. சென்னையை விட அது கிட்டத்தில் இருக்கிறது. சென்னை நிறுவனங்கள் இங்கே பத்து நாற்காலி வாடகைக்கு எடுத்தால்கூட இந்தப் பிள்ளைகள் வாரத்தில் சில நாளாவது தனியாக உட்கார வேண்டியிருக்காது.

அதுவரை காத்திருக்காமல் செய்யக்கூடியவையும் உண்டு. ஒரு டீம் முழுக்க ஒரே நாளில் அலுவலகம் வரட்டும். அன்று வீடியோ மீட்டிங் வேண்டாம். புதியவர் ஒவ்வொருவருக்கும் ஒரு மூத்தவரைப் பேர் சொல்லி ஒதுக்குங்கள். தினமும் அரை மணி நேரம் திரையைப் பகிர்ந்துகொண்டு சேர்ந்து வேலை பார்க்கட்டும். முக்கியமாக, அந்த அரை மணி நேரத்தை மூத்தவரின் அப்ரைசலில் வேலையாகவே கணக்கு வையுங்கள். கணக்கில் வராத உதவி நாளாவட்டத்தில் நின்றுபோகும். மேலாளர்களே, உங்கள் டீமில் கடைசியாகச் சேர்ந்தவர் நேற்று யாரிடம் சந்தேகம் கேட்டார் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால், அட்டெண்டன்ஸ் சதவீதத்தை மூடிவைத்துவிட்டு முதலில் அதை விசாரியுங்கள்.