786-க்கு என்ன விலை?

பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டு யாரிடமாவது இருந்தால் திருப்பிப் பாருங்கள். தென்னை மரங்கள், கடல், தூரத்தில் ஒரு கலங்கரை விளக்கம். அந்தமானில் மவுண்ட் ஹாரியட் மலையிலிருந்து தெரியும் நார்த் பே அது. 2021-இல் அந்த மலைக்கு மவுண்ட் மணிப்பூர் என்று பெயர் மாறியது. 2019-இல் வந்த புது இருபது ரூபாயில் எல்லோரா வந்து உட்கார்ந்துவிட்டது. ஆனாலும் பழைய நோட்டு இன்றும் செல்லும்.

வண்டூரில், ஜாலி பாய் தீவுக்குப் படகு கிளம்பும் துறைக்குப் பக்கத்துப் பெட்டிக்கடையில் அப்படி ஒரு நோட்டை நீட்டினேன். கடைக்காரர் படத்தைப் பார்க்கவில்லை, எண்ணைப் பார்த்தார். நோட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வேறொரு இருபது ரூபாயைக் கல்லாவில் போட்டார். கடைசி மூன்று இலக்கம் 786!

காரணம் புரிந்தது. 1921 மலபார் கிளர்ச்சிக்குப் பிறகு இங்கே நாடு கடத்தப்பட்ட மாப்பிளா முஸ்லிம்கள், ஊர்ப் பெயர்களையும் கூடவே கொண்டுவந்தார்கள்: மஞ்சேரி, திரூர், வண்டூர். பிஸ்மில்லாவின் எழுத்துகளுக்கு எண் மதிப்பிட்டுக் கூட்டினால் 786 வரும் என்பது பழைய கணக்கு.

"இதை வித்தா லட்சக்கணக்குல கிடைக்கும்னு போன்ல வருதே, பாய்?" என்றேன்.

"பரக்கத்தை யாராவது விப்பாங்களா, சார்?"

பரக்கத் என்றால் இறையருள். விற்கப் போனாலும் லட்சம் கிடைக்காது. நம் நோட்டில் முதலில் எண்ணும் எழுத்தும் கலந்த மூன்றெழுத்து முன்னொட்டு, பிறகு ஆறு இலக்கம். ஒரு முன்னொட்டுக்குப் பத்து லட்சம் நோட்டு. அதில் 786-இல் முடிகிறவை ஆயிரம். முன்னால், நடுவில், கடைசியில் என்று எங்கே வந்தாலும் சரி என்றால் 3,999. (786786 இரண்டு முறை எண்ணப்பட்டுவிடும் என்பதால் ஒன்றைக் கழித்திருக்கிறேன்.) ஏறக்குறைய 250 நோட்டுக்கு ஒன்று. இதையா அபூர்வம் என்பது?

சேகரிப்பவர்கள் எண்ணுக்கு முன்னால் தாளைப் பார்ப்பார்கள். 1918-இல் ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்த ஷிராலா கப்பலிலிருந்து கரை ஒதுங்கிய இரண்டு பத்து ரூபாய் நோட்டுகள் 2024-இல் லண்டனில் ஏலத்துக்கு வந்தன. அவற்றின் எண்கள் அடுத்தடுத்து இருந்தது ஒரு சுவாரஸ்யம். கடலில் கிடந்தும் தாள் கெடாமல் இருந்ததுதான் பெரிய அதிசயம். நோட்டு பருத்தித் தாள். அந்தமான் ஈரக்காற்றில், பர்ஸுக்குள் நான்காக மடிந்து கிடந்த 786-ஐ எந்த வியாபாரியும் தொடமாட்டார். பரக்கத்துக்காக வைத்திருப்பவர் மடிக்காமல் எங்கே வைப்பார்?

ஆனால் போனில் விளம்பரம் நிற்கவில்லை. முதலில் பதிவுக் கட்டணம், பிறகு கமிஷன், பிறகு வரி என்று கறந்துகொண்டே போவார்கள். 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது: பழைய நோட்டு வாங்கி விற்கும் வேலை எங்களுக்கு இல்லை, அதற்குக் கட்டணமும் கேட்பதில்லை.

எண்ணுக்கு நடுவே நட்சத்திரம் இருந்தால் கள்ள நோட்டு என்றும் ஒரு வதந்தி ஓடியது. அச்சில் பழுதான நோட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வைக்கும் மாற்று நோட்டு அது. 2006-இல் 10, 20, 50 ரூபாயில் தொடங்கியது. 2023 ஜூலையில் ரிசர்வ் வங்கி மறுபடியும் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. நட்சத்திர நோட்டைத் தேடிச் சேர்ப்பவர்களும் உண்டு; கடையில் வாங்க மறுப்பவர்களும் உண்டு.

வங்கிக்காரரின் அளவுகோலே வேறு. கிழிந்த இருபது ரூபாயைக் கவுண்டரில் நீட்டினால், 786 இருக்கிறதா, நட்சத்திரம் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. துண்டுகளில் பெரியது முழு நோட்டின் பரப்பில் பாதிக்கு மேல் இருந்தால் இருபது ரூபாய் தருவார்கள். குறைந்தால் ஒரு பைசா கிடையாது.