தரகர் யாருடைய ஆள்?

மதுரைக்கு வடகிழக்கே திருவாதவூரிலும், அங்கிருந்து திருமோகூர் வழியாக ஒத்தக்கடை வரையுள்ள ஊர்களிலும், வீட்டை விற்க நினைப்பவர் முதலில் தேடுவது தரகரையே. விலை கூடினால் கமிஷனும் கூடும் என்பதால், தரகர் உரிமையாளருக்காக விலையை உயர்த்தவே பாடுபடுவார் என்ற நம்பிக்கை அங்கு மட்டுமன்றித் தமிழகம் முழுவதும் வேரூன்றியிருக்கிறது. இந்த நம்பிக்கை தவறானது. வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் ஒரே வீட்டில் போட்டுவிட்ட குடும்பங்களுக்கு அது பெரும் இழப்பைத் தருகிறது.

40 லட்சம் ரூபாய்க்குப் போகும் வீட்டுக்கு 2 விழுக்காடு கமிஷன் பேசினால் தரகருக்கு 80,000 ரூபாய் கிடைக்கும். பொறுத்திருந்து 42 லட்சத்துக்கு விற்றால், கமிஷன் போக உரிமையாளருக்கு 1,96,000 ரூபாய் கூடுதலாக வரும்; தரகருக்குக் கூடுவதோ 4,000 ரூபாய். அந்தத் தொகைக்காக இன்னும் சில மாதங்கள் அலையவும், கையிலிருக்கும் வாங்குநரை இழக்கவும் அவர் துணியமாட்டார். ஆகவே வந்த விலைக்கே முடித்துவிடும்படி உரிமையாளரை வற்புறுத்துவார். வாங்குபவரிடமும் அவர் கமிஷன் பெறுவது வழக்கமாதலால், இருவருக்கும் நடுவில் நிற்கும் அவரை விற்பவரின் ஆள் என்று கருதுவதற்கே இடமில்லை.

இதை வெறும் ஊகம் என்று தள்ளிவிட முடியாது. சிகாகோ வட்டாரத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து லெவிட், சைவர்சன் என்ற பொருளியலாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வின்படி, தரகர்கள் தங்கள் சொந்த வீட்டைச் சராசரியாக 9.5 நாள் கூடுதலாகச் சந்தையில் வைத்திருந்து, 3.7 விழுக்காடு அதிக விலைக்கு விற்றார்கள். பிறர் வீட்டுக்குக் காட்டாத பொறுமையைத் தம் வீட்டுக்கு அவர்கள் காட்டினார்கள் என்பதே இதன் பொருள்.

இதைவிடக் கொடியது, உரிமையாளர் சொன்ன விலைக்கு மேல் வைத்து விற்று, வித்தியாசத்தை அவருக்குத் தெரியாமலே எடுத்துக்கொள்ளும் பழக்கம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், முகவர், அதாவது பிறர் சார்பில் செயல்படுபவர், முதல்வருக்கு, அதாவது தன்னை அமர்த்தியவருக்கு, தெரியாமல் அவருடைய காரியத்தில் தன் கணக்கில் வியாபாரம் செய்து அடைந்த பலனை முதல்வர் கேட்டுப் பெறலாம் என்று 216ஆம் பிரிவில் சொல்கிறது. ஆனால் வாய்ப்பேச்சில் நடக்கும் தரகில் இதை நிரூபிப்பது கடினம். 2016ஆம் ஆண்டின் மனை வணிகச் சட்டமும் இங்கு உதவாது. முகவர்கள் பதிவுபெற வேண்டுமென்ற அதன் 9ஆம் பிரிவு, பதிவுபெற்ற திட்டங்களிலுள்ள மனை, வீடுகளுக்கே பொருந்துவதால், தனியொருவர் விற்கும் பழைய வீடு அதற்குள் வராது.

வாங்குநரைத் தேடிக் கொண்டுவருவது உண்மையான உழைப்பு. அதற்குக் கூலி தர வேண்டியதே. ஆனால் வில்லங்கச் சான்றை, அதாவது சொத்தின்மீது பதிவான விற்பனை, அடமானம் முதலியவற்றைக் காட்டும் பதிவுத்துறைப் பட்டியலை, உரிமையாளரே எடுக்கலாம். தாய்ப் பத்திரத்தை, அதாவது சொத்தின் முந்தைய உரிமையைக் காட்டும் மூலப் பத்திரத்தை, பார்த்துச் சொல்ல வழக்கறிஞர் இருக்கிறார். எனவே தரகரை அமர்த்துவோர், அக்கம்பக்கத்துப் பதிவு விலைகளை முன்பே விசாரித்து, 40 லட்சம் வரை சிறிய நிலையான தொகையும், அதற்கு மேல் வருவதில் பத்தில் ஒரு பங்கும் என்று கூலியை எழுத்தில் பேசிக்கொள்ள வேண்டும். அப்போது 42 லட்சத்துக்கு விற்றுக்கொடுக்கும் தரகருக்கு அந்தக் கூடுதல் விலையால் 4,000 ரூபாய்க்குப் பதிலாக 20,000 ரூபாய் கிடைக்கும்.