ஹோட்டல் படுக்கையை வீட்டில் விரிக்கலாமா?

புது ஃப்ளாட் கிரகப்பிரவேசம் எதற்குப் போனாலும் படுக்கையறை இப்போது ஒரே மாதிரிதான். சுவர் சந்தன நிறம், திரைச்சீலை சாம்பல், மெத்தை விரிப்பு வெள்ளையா பழுப்பா என்று சொல்ல முடியாத ஒரு நிறம். கேட்டால் 'நியூட்ரல் கலர்' என்பார்கள். அறை பெரிதாகத் தெரியுமாம், மனசுக்கு அமைதியாம். முதலாவது ஓரளவு உண்மை. இரண்டாவதுதான் இடிக்கிறது. அந்தக் கட்டிலில் ஒரு குழந்தை பிஸ்கட்டோடு ஏறும்போது வீட்டம்மா முகத்தில் அமைதி இருக்கிறதா பாருங்கள்!

இந்த மோகம் பெரும்பாலும் ஹோட்டலைப் பார்த்து வந்தது. 1999-ல் அமெரிக்காவின் வெஸ்டின் ஹோட்டல்கள் 'ஹெவன்லி பெட்' என்று முழுக்க வெள்ளையாக ஒரு படுக்கையைக் கொண்டுவந்தன. அதற்கு முன் அங்கே பல ஹோட்டல்களில் பூப்போட்ட, கறை தெரியாத மேல்விரிப்புதான். வெள்ளை போட்டால் சுத்தம் கண்ணுக்கே தெரியும் என்பது கணக்கு. மற்ற ஹோட்டல்களும் பின்னாலேயே ஓடின.

ஹோட்டலுக்கு அது கட்டுப்படியாகும். எல்லாம் ஒரே வெள்ளை என்பதால் நூற்றுக்கணக்கான விரிப்புகளை மொத்தமாகப் போட்டு, சுடுதண்ணீரில் ப்ளீச் ஊற்றி வெளுக்கலாம். சாயம் போகுமே என்ற கவலையே கிடையாது. கறை போகாததைக் கழித்துக்கட்டி, செலவுக் கணக்கில் எழுதிவிடலாம். ஏசி அறை, ஜன்னலும் திறப்பதில்லை.

வீட்டில் அப்படியா? ஜன்னல் வழியாகத் தெருப் புழுதி. தலையில் தேங்காய் எண்ணெய். பரீட்சை நேரத்தில் கட்டிலே மேஜை, விருந்தாளி வந்தால் அதுவே சோபா. சாம்பார் சொட்டினால் மஞ்சள் கறை, அதில் சோப்பு பட்டால் சிவந்துபோகும். ப்ளீச் போடலாம் என்றால் இந்தப் பழுப்பு விரிப்பில் பெரும்பாலும் அதுவும் முடியாது; போட்ட இடம் மட்டும் திட்டுத் திட்டாக வெளுத்துவிடும். போர் தண்ணீரில் இரும்பு இருந்தால் ப்ளீச்சே துணியை மஞ்சளாக்கும். ஆக, வெள்ளையின் வசதியும் இல்லை, கலரின் வசதியும் இல்லை. வாரம் ஒருமுறை துவைத்தது மூன்று முறை ஆகும். நிறத்தைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் இன்டீரியர் டிசைனரோ மகனோ. துவைப்பது யார்? அம்மா, அல்லது வீட்டுவேலைக்கு வரும் அக்கா. அவர்களிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

ஈரோடு பக்கம் சென்னிமலையில் நெய்கிற பெட்ஷீட்டைப் பாருங்கள். நூலிலேயே சாயம் தோய்த்து, கட்டமும் கோடுமாக நெய்தது. கறை இருந்தாலும் கட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளும். துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகும். நம் வீட்டுத் தண்ணீரும் எண்ணெயும் தெரிந்தவர்கள் கண்டுபிடித்த துணி அது. அதைப் 'பாட்டி வீட்டுச் சமாச்சாரம்' என்று பரணில் போட்டுவிட்டு, நிறமே இல்லாததற்குக் கூடுதல் விலை கொடுப்பது என்ன ரசனையோ...

'சாயம் ஆற்றைக் கெடுக்கவில்லையா?' என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. நொய்யல் கெட்டதும், 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் எல்லாருக்கும் தெரியும். அடர் நிறத்துக்குச் சாயமும் உப்பும் கூடுதலாக வேண்டும் என்பதும் நிஜம். ஆனால் பழுப்பு விரிப்பு என்றால் சாயம் படாதது என்று அர்த்தமில்லை. வெளிர் நிறம் சீராக ஏற வேண்டுமென்றால் துணியை முதலில் நன்றாக வெளுத்தாக வேண்டும், பிறகுதான் சாயம். நிஜமாகவே சாயம் வேண்டாம் என்பவர்களுக்குக் காடா துணி இருக்கிறது. பருத்திக்கொட்டைப் புள்ளியோடு, மீட்டர் கணக்கில், மலிவாக. அதை யாரும் கட்டிலில் விரிக்கக் காணோம்!

இத்தனைக்கும் பல வீடுகளில் அந்தப் பழுப்பு விரிப்பு மேல் யாரும் படுப்பதுகூட இல்லை. போட்டோ எடுத்து முடித்ததும், அழுக்காகிவிடுமே என்று அதன் மேல் பழைய நீலக் கட்டம் போட்ட சென்னிமலை பெட்ஷீட்டைத்தான் விரித்துக்கொள்கிறார்கள்.